பதினோராவது அடியாள்

முதல் பாகத்தில் நான் செத்துப்போனேன்.
கானாடுகாத்தானில், படத்துக்காக வாடகைக்கு எடுத்த வீட்டில்,
இரண்டாம் கட்டில், பகல் பதினொன்றே காலுக்கு.
பைலட் பவளமுத்து உதைத்தார்.
அவர் காலுக்கும் என் மார்புக்கும் நடுவே
ஒரு சாண் காற்று இருந்தது.
அந்தக் காற்று பட்டே பறந்து
ஜன்னலை உடைத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தேன்.
சர்க்கரைப் பாகில் வார்த்த கண்ணாடி.
ஒரு சில்லு உதட்டில் ஒட்டியிருந்தது.
சாவு இனிக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேவகோட்டையில் எனக்கு டயர்க் கடை.
இரண்டாம் பாகம் எடுக்க வந்தவர்களின்
வேனுக்குக் காற்றடிக்கத்தான் போனேன்.
உதவி இயக்குநர் ஏற இறங்கப் பார்த்தார்.
"நீங்க போன படத்துலயே செத்தாச்சே?"
"ஆமா தம்பி."
"பரவாயில்ல. மீசைய எடுத்துட்டு வாங்க."
அவ்வளவுதான்.
உயிர்த்தெழ ஒரு பிளேடு போதும்.

இப்போது மூன்றாம் பாகம்.
காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம்,
பக்கத்தில் மீனாள்.
மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள்.
முதல் பாகம் பார்த்துவிட்டு
"ஏரோப்ளேன்ல ஏதுங்க ஹார்ன்?" என்று
வீடு வரும்வரை சண்டை பிடித்தவள்.
அந்த ஹார்னுக்காகத்தான் இப்போது
முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருக்கிறாள்.

மேகத்துக்குள் நுழைகிறது விமானம்.
எதிரே மலை.
பின்சீட்டில் ராக்கெட் என்கிற ஆடு
வரைபடத்தைத் தின்று முடிக்கிறது.
வரப்போகிறது, எல்லோருக்கும் தெரியும்,
எண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்திருக்கிறோம்
பாம் பாம்.
மலை விலகவில்லைதான், ஆனால்
மீனாள் சிரித்த சிரிப்பில்
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அரைத்த மாவு என்று எழுதினார்கள் பேப்பரில்.
இருக்கட்டும்.
பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வரும்போது
அதே பாயசம்தானே என்று
இலையை மூடியவர் யார்?
கொஞ்சம் கூடுதலாக முந்திரி கிடந்தால் சரி.
போன தடவை ஜீப் எரிந்தது,
இந்தத் தடவை கப்பல்.
போன தடவை குண்டு
மூன்று வினாடி மீதமிருக்க நின்றது,
இந்தத் தடவை ஒன்று.
பூஜ்யத்தை யாரும் பார்த்ததில்லை இங்கே.
என் பைனான்ஸ்காரர்
பூஜ்யம் வரைக்கும் எண்ணுவார்,
அதற்குக் கீழேயும் எண்ணுவார்.
பவளமுத்துவிடம் நீல ஒயரா சிவப்பு ஒயரா என்று கேட்டால்
கண்ணை மூடிக்கொண்டு
ஆட்டின் கழுத்துக் கயிற்றை வெட்டுவார்.
குண்டு நின்றுவிடும்.

நானும் வருகிறேன், இடைவேளைக்கு முன்னால்,
ஒட்டுத்தாடியோடு.
கூரையிலிருந்து ஊரணிக்குள் விழுகிறேன்.
"இந்த ஆளு எத்தன தடவதான் சாவான்?"
பின்னால் ஒரு பையன் கேட்டான்.
நான் திரும்பவில்லை.
தொழில் ரகசியம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின.
வைரவன் என்பதை வைரம் என்று போட்டிருந்தார்கள்,
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.
ஒருவரும் எழவில்லை.
துடைப்பத்தோடு வந்த பையன்கூட
சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான்.
திரையில் அதே ஊரணி, ராத்திரி.
ஒரு குமிழி. இன்னொன்று.
செத்துப்போன டாக்டர் கோமேதகத்தின் கை
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுகிறது.
விசில் கூரையைத் தூக்கியது.

வில்லனுக்குச் சளி பிடித்திருந்தது அன்றைக்கு.
நகக்கண்ணைப் பார்த்தாள் மீனாள்,
சோப்புக்கும் போகாத டயர்க் கறுப்பு.
"இது நம்ம வீட்டுக் கைல்ல?" என்றாள்.
அதை மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
நாலாம் பாகம் வரைக்கும் பத்திரம்.

வெளியே வந்தால் எங்கள் வண்டி பஞ்சர்.
டயர்க் கடைக்காரன் வண்டி.
ராத்திரி ஒன்றரை மணி, தேவகோட்டை ரோடு,
நான் தள்ள, பின்னால் அவள் நடந்துவந்தாள்.
எதிரே ஒரு மாடு
நடுரோட்டில் மலை மாதிரிப் படுத்திருந்தது.
இயற்பியல் டீச்சர்
வாயாலேயே ஹார்ன் அடித்தாள்.